விளையாட்டு நூல்களைப் பற்றிப் பேச வரும் தம்பி தங்கையருக்கு

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரேனை வென்று குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அதன் பிறகு எங்கள் வாசகர் வட்டத்தில் செஸ் நூல்களைப் பற்றிப் பேச இளைஞர்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். கூடவே கிரிக்கெட், டென்னிஸ், சைக்கிள் பந்தயம் பற்றிய நூல்களும் மேசைக்கு வருகின்றன. எனக்கு இதில் மிகுந்த மகிழ்ச்சி. கதையையும் கவிதையையும் பற்றிப் பேசுவதில் நமக்கு நீண்ட பழக்கம் உண்டு. ஆனால் விளையாட்டு நூலுக்கு அந்தப் பழக்கம் மட்டும் போதாது. ஒரு நாவலில் வரும் சம்பவம் உண்மையிலேயே நடந்ததா என்று யாரும் வழக்காடுவதில்லை. விளையாட்டு நூலுக்கோ வெளியே சாட்சிகள் இருக்கின்றன. ஆட்டக்குறிப்பு இருக்கிறது, ஸ்கோர் அட்டை இருக்கிறது, எதிரே ஆடியவர் இருக்கிறார். அந்தச் சாட்சிகளை விசாரித்துவிட்டுப் பேசுங்கள் என்பதுதான் நான் சொல்ல விரும்புவது. அதையே சில அறிவுரைகளாகப் பிரித்துத் தருகிறேன்.

1. செஸ் நூலைப் பலகை இல்லாமல் படித்துவிட்டுக் கருத்துச் சொல்லாதீர்கள்.

பேருந்தில் உட்கார்ந்து புரட்டிவிட்டு "நடை நன்றாக இருக்கிறது" என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை. பலகையில் காய்களை அடுக்குங்கள். அடுத்த நகர்த்தலை ஒரு தாளால் மூடிவிட்டு, நீங்களாக இருந்தால் எதை நகர்த்துவீர்கள் என்று யோசியுங்கள். பிறகு தாளை விலக்கி ஆசிரியர் தரும் விளக்கத்தைப் படியுங்கள். உங்கள் கேள்விக்கு அங்கே பதில் இருந்ததா, இல்லையா? செஸ் நூலைப் பற்றிய கருத்து அந்த இடத்தில்தான் பிறக்கிறது. 'இப்படி ஆடியிருந்தால்' என்று காட்டும் கிளை ஆட்டங்கள் நிறைய வரும் நூலுக்கு இரண்டு பலகை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் உண்மையில் ஆடிய ஆட்டம் நிற்கட்டும், மற்றதில் கிளைகளை ஆடிப் பாருங்கள். இப்படிப் படித்தால் ஒரு நூலுக்குப் பல மாதங்கள் ஆகலாம். ஆகட்டும். பத்து ஆட்டங்கள்தான் முடிந்தன என்றால் பத்து ஆட்டங்களை வைத்துப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

2. நீங்கள் எந்த நிலையில் ஆடுகிறவர் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இர்விங் செர்னெவ் 1957இல் எழுதிய 'லாஜிகல் செஸ்: மூவ் பை மூவ்' நூலை எடுத்துக்கொள்வோம். அதில் 33 ஆட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் விளக்கம் உண்டு. ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும் முதல் நகர்த்தலைக்கூட அவர் திரும்பத் திரும்ப விளக்குகிறார். புதிதாகக் கற்ற குழந்தை அந்தத் திரும்பச் சொல்லலால்தான் முன்னேறுகிறது. பல போட்டிகள் ஆடியவருக்கு அது அலுப்பூட்டும். கோட்டை கட்டிய ராஜாவின் முன் நிற்கும் சிப்பாய்களை அசைக்கவே கூடாது என்பதுபோல் செர்னெவ் கண்டிப்பாகப் பேசுவதும் அவருக்கு உறுத்தும். இருவருடைய கருத்தும் நியாயமானதே. ஆனால் பேசுகிறவர் யார் என்று தெரியாவிட்டால் கேட்கிறவருக்கு இரண்டாலும் பயனில்லை.

ஜெரிமி சில்மனின் இறுதி ஆட்டப் பாடநூல் 2007இல் வந்தது. பாடங்களை ரேட்டிங் வாரியாகப் பிரித்து, இந்த அளவு ஆடுகிறவர் இதுவரை படித்தால் போதும் என்று ஆசிரியரே எல்லை போட்டுக் கொடுத்த நூல் அது. எல்லா நூலும் அப்படி அமைவதில்லை. நிம்சோவிச் 1925இல் வெளியிடத் தொடங்கிய 'மை சிஸ்டம்' ஒரு நூற்றாண்டாக வாசகர்களைப் பிரித்து வைத்திருக்கிறது. எதிரியின் சிப்பாயைத் தடுத்து நிறுத்துவது, தன் முக்கியமான கட்டத்துக்குத் தேவைக்கு மேல் காவல் போடுவது போன்ற கருத்துகளை அவர் மிகுந்த தன்னம்பிக்கையோடு முன்வைக்கிறார். சிலருக்கு அது கண் திறப்பு, சிலருக்குப் பிடிவாதம். குதிரை நகரும் விதத்தையே போன மாதம்தான் கற்ற ஒரு பிள்ளைக்கு இதைப் பரிந்துரைக்காதீர்கள். படிக்க முடியாமல் போனால் குறை தன்னிடம்தான் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

3. எந்தப் பதிப்பு என்று சொல்லுங்கள்.

பழைய ஆங்கில செஸ் நூல்கள் வேறொரு குறிப்பு முறையில் அச்சானவை. ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்த நெடுவரிசையின் தொடக்கத்தில் நிற்கும் காயின் பெயர்தான். வெள்ளைக்கு ஒரு பெயர், கறுப்புக்கு இன்னொரு பெயர். இன்று பிள்ளைகள் படிக்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த முறை அதில் இருக்காது. பழைய புத்தகக் கடையில் வாங்கியவர் "ஒன்றுமே புரியவில்லை" என்று சொல்வதற்கு அதுதான் காரணமாக இருக்கும். பாபி ஃபிஷரின் 'மை 60 மெமரபிள் கேம்ஸ்' 1969இல் வந்தது. 1995இல் ஒரு லண்டன் பதிப்பகம் அதைப் புதிய குறிப்பு முறைக்கு மாற்றியபோது வேறு சில இடங்களிலும் கைவைத்தது. ஃபிஷர் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். ஆகவே அந்த நூலைப் பற்றிப் பேசும்போது ஆண்டைக் குறிப்பிடாமல் பேசுவது சரியல்ல.

4. ஆசிரியர் எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்று பாருங்கள்.

ஃபிஷர் அந்த 60 ஆட்டங்களில் தான் தோற்ற மூன்றையும் சேர்த்தார். தால், ஸ்பாஸ்கி, கெல்லர் ஆகியோரிடம் தோற்றவை அவை. டிராவில் முடிந்தவையும் உள்ளே இருக்கின்றன. கர்வம் மிகுந்தவர் என்று பெயரெடுத்த ஒருவர் தன் சிறந்த நூலில் தன் தோல்விகளை விளக்கிக் காட்டியிருக்கிறார். தம் ஆட்டங்களைத் தொகுக்கிற பலர் வெற்றிகளை மட்டும்தான் அடுக்குவார்கள். ஃபிஷரின் பிற்காலப் பேச்சுகள் எனக்கு அருவருப்பானவை. ஆனாலும் நூலின் நேர்மை என்ற கேள்வி வரும்போது நான் முதலில் நீட்டுவது இந்த நூலைத்தான்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. உலக சாம்பியன் அலெகின் தம் சிறந்த ஆட்டங்கள் நூலில், 1915இல் மாஸ்கோவில் கிரிகோரியெவை எதிர்த்து ஆடியதாக ஒரு ஆட்டத்தைக் கொடுத்திருக்கிறார். பலகையில் ஒரே நேரத்தில் ஐந்து ராணிகள் நிற்கும் அற்புதமான நிலை அது. பல தலைமுறை வாசகர்கள் அதை ரசித்தார்கள். பிறகு ஆராய்ச்சியாளர்கள் பழைய ரஷ்ய இதழைப் புரட்டியபோது உண்மை வெளிவந்தது. அந்த ஆட்டத்தில் அலெகின் ஆடியது கறுப்புக் காய்கள். ஐந்து ராணிகள் வந்தது அவர் பிறகு எழுதிய ஆய்வுக் குறிப்பின் ஒரு கிளையில்தான். ஆட்டம் போன வழி வேறு. அந்தக் கிளையின் அழகு இன்றும் அழகுதான். ஆனால் அது நடந்த ஆட்டம் என்று சொன்னது உண்மையல்ல. இரண்டையும் ஒரே கருத்தில் சொல்லத் தெரிந்த வாசகராக நீங்கள் ஆக வேண்டும்.

5. இன்ஜின் என்ற செஸ் கணினி நிரலை வைத்துக்கொண்டு பழைய ஆசிரியர்களைச் சிறுமைப்படுத்தாதீர்கள்.

1953இல் ஸ்விட்சர்லாந்தில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் 15 பேர் ஆடினார்கள். மொத்தம் 210 ஆட்டங்கள். ஸ்மிஸ்லோவ் முதலிடம் பெற்றார். இரண்டாம் இடத்தைக் கெரஸ், ரெஷெவ்ஸ்கி ஆகியோருடன் பகிர்ந்துகொண்ட புரோன்ஸ்டைன், 210 ஆட்டங்களுக்கும் குறிப்பு எழுதி ஒரு நூலாக்கினார். கிளைகளை நீட்டிக்கொண்டே போகாமல், இந்த நிலையில் இரு பக்கமும் எதற்காகப் போராடின என்பதை மனிதப் பேச்சில் சொன்ன நூல் அது. இன்று கைப்பேசியில் இருக்கும் இன்ஜின் அந்தக் குறிப்புகளில் பிழைகளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். கொடுக்கட்டும். அந்தப் பிழைப் பட்டியலை மட்டும் கொண்டுவந்து படிக்கிறவர் நூலைப் படிக்கவில்லை என்றுதான் நான் சொல்வேன். அந்த நூல் பிழையில்லாத கணக்கைத் தருவதாகச் சொல்லவே இல்லை. ஒரு நிலையைப் பார்த்ததும் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதைத்தான் அது கற்றுத் தருகிறது.

காஸ்பரோவ் 2003 முதல் வெளியிட்ட 'மை கிரேட் பிரிடிசெஸர்ஸ்' தொகுதிகளின் கதை வேறு. கணினி உதவியோடு முந்தைய சாம்பியன்களின் ஆட்டங்களை மறுஆய்வு செய்வதே அந்த நூலின் பெருமை. எனவே வாசகர்கள் தங்கள் கணினியில் அதைச் சோதித்து ஆய்வுப் பிழைகளைக் காட்டியது முறையான செயல். வரலாற்றுச் செய்திகளுக்கு ஆதாரம் கொடுக்கவில்லை என்று வரலாற்றாய்வாளர் எட்வர்ட் வின்டர் கண்டித்ததும் முறையானதே. நூல் எதைத் தருவதாக வாக்குக் கொடுத்ததோ அதைக் கொண்டு அதை அளக்க வேண்டும்.

குகேஷ் சிறுவயதில் நெடுநாள் இன்ஜின் இல்லாமலே பயிற்சி பெற்றார் என்று அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா சொல்லியிருக்கிறார். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

6. ஆடியவருக்கு மட்டும் தெரிந்ததைத் தேடிப் படியுங்கள்.

சாட்சிகளை விசாரியுங்கள் என்று சொன்னேன். ஆனால் எந்தச் சாட்சிக்கும் எட்டாத ஒன்று ஆடியவரின் மனதுக்குள் நடக்கிறது. மிகைல் தால் தம்மைத் தாமே பேட்டி காண்பது போல எழுதிய தன்வரலாற்றில் வாசியுகோவுடன் ஆடிய ஒரு ஆட்டத்தைச் சொல்கிறார். குதிரையைப் பலி கொடுக்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, சதுப்பில் சிக்கிய நீர்யானையை எப்படி வெளியே இழுப்பது என்ற குழந்தைப் பாட்டு வரி மனதில் நுழைந்துவிட்டது. நெம்புகோல், ஹெலிகாப்டர், கயிற்று ஏணி என்று அவர் யோசனை அந்தப் பக்கமே ஓடியது. கடைசியில் நீர்யானையைக் கைவிட்டார். நீர்யானை மறைந்ததும் பலகையும் தெளிந்தது. கணக்குப் போட்டுத் தீராது என்று உணர்ந்து உள்ளுணர்வை நம்பிக் குதிரையைக் கொடுத்தார். மறுநாள் பத்திரிகையில், தால் நெடுநேரம் துல்லியமாகக் கணக்கிட்டுப் பலி கொடுத்தார் என்று செய்தி வந்தது. ஆட்டக்குறிப்பில் அந்த நீர்யானை இல்லை. கடிகாரம் அவர் நேரம் எடுத்துக்கொண்டதை மட்டுமே சொல்லும். இப்படிப்பட்ட பக்கங்களுக்காகத்தான் ஆட்டக்காரர்களின் நூல்களை நாம் வாங்குகிறோம். உங்கள் கருத்தில் அப்படி ஒரு பக்கத்தையாவது எடுத்துக் காட்டுங்கள். 

7. தன்வரலாற்றில் மௌனங்களையும் படியுங்கள்.

ஆந்த்ரே அகாசியின் 'ஓப்பன்' 2009இல் வந்தது. டென்னிஸை வெறுத்ததை, பொய்முடி அணிந்து ஆடியதை, போதைப்பொருள் எடுத்துவிட்டு அதிகாரிகளிடம் பொய் சொன்னதை அதில் அவரே சொல்கிறார். எழுதியவர் ஜே.ஆர். மோரிங்கர் என்ற எழுத்தாளர். அட்டையில் அவர் பெயர் கிடையாது, நன்றியுரையில்தான் இருக்கிறது. நூலின் நடையைப் பாராட்டுகிறவர்கள் அவர் பெயரையும் சொல்ல வேண்டும். செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்தின் 'மைண்ட் மாஸ்டர்' நூலை அதைக் கூட எழுதிய சூசன் நைனனோடும், டெண்டுல்கரின் 2014 நூலை அதைக் கூட எழுதிய போரியா மஜும்தாரோடும் சேர்த்துப் பேசுவதே நியாயம்.

டெண்டுல்கரின் நூலில் 2000ஆம் ஆண்டின் சூதாட்ட விவகாரம் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அந்தக் காலத்தில் அணியின் நடுவில் நின்ற மனிதர் அவர். அவரை நான் நேசிக்கிறேன், நூல் எனக்கு ஏமாற்றமே. ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று இதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

கவாஸ்கரின் 'சன்னி டேஸ்' மறுகோடியில் இருக்கிறது. 1976இல், ஆட்டத்தின் உச்சத்தில் இருந்தபோதே எழுதியது. அந்த ஆண்டு கிங்ஸ்டன் டெஸ்டில் மேற்கிந்திய வேகப்பந்து நம் ஆட்டக்காரர்களைக் காயப்படுத்தியதைப் பற்றியும், ஆரவாரித்த கூட்டத்தைப் பற்றியும் அவர் கொதித்து எழுதினார். ஸ்கோர் அட்டையைப் பாருங்கள். இந்தியாவின் இரண்டாம் இன்னிங்ஸ் 97 ரன்னில் முடிகிறது, ஐந்து பேர் காயத்தால் மட்டையெடுக்கவே இல்லை. அவருடைய கோபத்துக்குச் சாட்சி இருக்கிறது. அதற்காக ஒரு தீவு மக்களையே இழிவாக எழுதிய சொற்களை ஏற்க முடியாது. காயத்தை ஒப்புக்கொண்டு, அந்தச் சொற்களை மறுத்துப் பேசுங்கள்.

8. நீங்கள் புகழ்ந்த நூல் பொய்த்தால் திரும்ப வந்து பேசுங்கள்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு 1996இல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. மீண்டு வந்து 1999இல் டூர் டி பிரான்ஸ் வென்றார். 2000இல் வந்த 'இட்ஸ் நாட் அபௌட் தி பைக்' அந்தக் கதை. பிரிட்டனில் ஆண்டுதோறும் சிறந்த விளையாட்டு நூலுக்குக் கொடுக்கப்படும் வில்லியம் ஹில் பரிசு அந்த ஆண்டு அதற்குக் கிடைத்தது. எத்தனையோ நோயாளிகள் மருத்துவமனைக் கட்டிலில் வைத்து அதைப் படித்தார்கள்.

2012இல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் அவர் ஊக்கமருந்து எடுத்ததற்கான ஆதாரங்களை வெளியிட்டது. அவருடைய ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் பறிக்கப்பட்டன. 2013 ஜனவரியில் தொலைக்காட்சியில் அவரே ஒப்புக்கொண்டார். அதே 2012இல் அதே வில்லியம் ஹில் பரிசு, அவருடைய அணியில் ஓட்டிய டைலர் ஹாமில்டன் ஊக்கமருந்து வாழ்க்கையை அம்பலப்படுத்தி எழுதிய 'தி சீக்ரெட் ரேஸ்' நூலுக்குப் போனது. கலிபோர்னியாவில் சில வாசகர்கள், உண்மைக் கதை என்று நம்பி வாங்கி ஏமாந்தோம் என்று ஆர்ம்ஸ்ட்ராங் மீதும் பதிப்பாளர்கள் மீதும் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் அவர்கள் வாதத்தை ஏற்கவில்லை.

அந்த வாசகர்களின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனாலும் நூலை எரித்துவிட வேண்டியதில்லை. புற்றுநோய் பொய்யல்ல. அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் பொய்யல்ல. அந்த அத்தியாயங்களில் தைரியம் பெற்ற நோயாளி எதையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. மலைகளில் எல்லாரையும் முந்திச் சென்றது எப்படி என்று அவர் சொல்லும் அத்தியாயங்கள்தான் நிற்காது. மருந்தில்லாமல் ஓட்டித் தோற்ற மற்ற வீரர்களின் வாழ்க்கை அந்தப் பக்கங்களில் களவு போயிருக்கிறது. 2004லேயே டேவிட் வால்ஷும் பியர் பாலெஸ்டரும் பிரெஞ்சு மொழியில் ஒரு நூல் எழுதி இந்தச் சந்தேகங்களை அடுக்கினார்கள். அதைக் கேட்க விரும்பியவர்கள் குறைவு. ஒரு நூலை மனதாரப் புகழ்ந்திருந்தால், புதிய உண்மை வெளிவரும்போது அதே இடத்தில் எழுந்து நின்று எந்தப் பகுதி நிற்கிறது, எது விழுந்தது என்று சொல்வது வாசகரின் கடமை.

9. "இதில் ஏன் அரசியல்?" என்று கேட்காதீர்கள்.

சி.எல்.ஆர். ஜேம்ஸின் 'பியாண்ட் எ பவுண்டரி' 1963இல் வந்தது. டிரினிடாடில் கிரிக்கெட் சங்கங்கள் தோல் நிறத்தின்படி பிரிந்து கிடந்ததை அது சொல்கிறது. கறுப்பரான ஃபிராங்க் வொரெல் மேற்கிந்திய அணிக்குத் தலைவராக வேண்டும் என்று தம் பத்திரிகையில் இயக்கமே நடத்தியவர் ஜேம்ஸ். ராமச்சந்திர குஹா 2002இல் எழுதிய 'எ கார்னர் ஆஃப் எ ஃபாரின் ஃபீல்ட்' நூலில் பல்வங்கர் பாலூ வருகிறார். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்த தலித் பந்துவீச்சாளர் அவர். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தனி மண் குவளையில் தேநீர். எவ்வளவு சாதித்தும் இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குக் கிடைக்கவில்லை. 1923இல் தம்பி விட்டலுக்குக் கிடைத்தது. இதை எடுத்துவிட்டு அவருடைய பந்துவீச்சை மட்டும் எப்படி எழுதுவது? அந்தக் குவளையும் அந்த ஆட்டத்தின் ஒரு பகுதி.

10. கதை நூலாக இருந்தால் முடிவைச் சொல்லாதீர்கள்.

சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' சிறிய நூல்தான். ஒரே மூச்சில் படிக்கலாம். பிச்சிக்கும் காரிக்காளைக்கும் என்ன ஆயிற்று என்பதைப் படிக்கிறவரே தெரிந்துகொள்ளட்டும். ஜல்லிக்கட்டைப் பார்க்காதவருக்கும் காளையின் கொம்பசைவு தெரிகிறதா, அந்த வட்டாரப் பேச்சு காதில் விழுகிறதா என்று சொன்னால் போதும். ஸ்டெஃபான் ஸ்வைக்கின் செஸ் கதைக்கும் இதே விதிதான்.

11. தமிழில் சொல்லுங்கள், தமிழில் எழுதச் சொல்லுங்கள்.

ஆனந்த் முதல் குகேஷ் வரை இரண்டு உலக சாம்பியன்களைக் கொடுத்த மண் இது. அவர்களுடைய ஆட்டங்களை ஒவ்வொரு நகர்த்தலாகத் தமிழில் விளக்கும் நூல்கள் மிகக் குறைவு. மேலே நான் சொன்ன நூல்களில் செல்லப்பாவுடையதையும் அந்தப் பிரெஞ்சு நூலையும் தவிர மற்றவற்றை நான் படித்தது ஆங்கிலத்தில்தான். ஆங்கிலம் தடுமாறுகிற ஒரு பள்ளி மாணவி உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் புரோன்ஸ்டைனை முதன்முதலாகத் தெரிந்துகொள்வாள். அவளுக்காக ஒரே ஒரு ஆட்டத்தையாவது தமிழில் விளக்கி எழுதிக் கொண்டுவாருங்கள். பதிப்பாளர்களைச் சந்திக்கும்போது இந்த நூல்கள் எங்களுக்கு வேண்டும், வாங்கிப் படிப்போம் என்று சொல்லுங்கள். நூலகத்தில் வாசகர் பரிந்துரைப் பதிவேடு இருந்தால் அதில் பெயர் எழுதிக் கேளுங்கள். கேட்டுக்கொண்டே இருங்கள்.